நாலு லட்சம் பேரின் பழைய சேலை

பழைய துணி வேண்டும் என்று சம்பந்தி கேட்டபோது பூங்கோதைக்கு முதலில் விளங்கவில்லை.

"பழைய துணின்னா?"

"பழைய துணின்னா பழைய துணிதானுங்க," என்றாள் செண்பகம். "கட்டித் தொவைச்சு, கட்டித் தொவைச்சு மெத்துனு ஆயிருக்கும்ல, அதுங்க. பேர் வெக்கற வரைக்கும் கொழந்தைக்குப் புதுசு போடக் கூடாது. தாய் ஊட்ல இருந்துதான் வரோணும். அம்மாவோட சேலை இருந்தா ரொம்ப நல்லதுங்க."

கட்டிலில் தாரகை கண்களை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துத் தொட்டிலில் அவள் பெற்ற பெண் குழந்தை, பிறந்து நான்கு மணி நேரமாகியிருந்தது. அறையின் மூலையில் அச்சுப்பேழை மெல்ல முனகிக்கொண்டிருந்தது. பிரசவத்தின்போது தாரகை உடுத்தியிருந்த அங்கியை நர்ஸ் அதற்குள் போட்டிருந்தாள். பேழை இழைகளைப் பிரித்து, கறையை உதிர்த்து, நைந்த இடங்களில் நூலை நிரப்பி, மேலே இளம்பச்சைக் கொடிகளை அச்சிட்டுப் பதினோரு நிமிடத்தில் புதிதாக வெளியே தள்ளியது.

ஊரே இப்படித்தான் உடுத்தியது. ஓர் ஆளுக்கு மூன்று துணி போதும். காலையில் உள்ளே போட்டால் அன்றைக்குச் சேலை வேண்டுமானால் சேலை, சட்டை வேண்டுமானால் சட்டை. தண்ணீர் கிடையாது, சாயக்கழிவு கிடையாது. திருப்பூரில் ஒரு சின்னக் கொட்டகையில் இதை முதலில் செய்து காட்டியவள் பூங்கோதை. இப்போது அது இல்லாத வீடு இல்லை. நேற்றைய துணி என்று யாரிடமும் எதுவும் இல்லை.

"இதுவே சுத்தமானதுதானுங்களே," என்றாள் பூங்கோதை, வெளியே வந்த அங்கியைக் காட்டி.

செண்பகம் குரலைத் தாழ்த்தினாள். "எங்க பெரியவ கொழந்தைக்கு அதுலதாங்க எடுத்துப் போட்டோம். ஒம்பது நாள்தான் உசுரோட இருந்துச்சு. உங்க மெஷினைக் குத்தம் சொல்லலீங்க சம்மந்திம்மா. எனக்குப் பயமா இருக்குது, அவ்வளவுதான்."

காரணம் சொன்னால் மறுக்கலாம். பயத்தை எதைக் கொண்டு மறுப்பது?

பூங்கோதை தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். பாதிப் பேர் சிரித்தார்கள். ஆரம்ப வருடங்களில் பேழைக்கு நூல் தேவைப்பட்டது. வீட்டில் கிடக்கும் துணியைக் கொடுத்தால் பேழையின் விலையில் தள்ளுபடி என்று அவள்தான் அறிவித்தாள். ஊர் தன் பீரோக்களைக் காலி செய்து கொடுத்தது. அவளும் கொடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் கணவர் நல்லசிவம் போனபோது அவருடைய சட்டைகளையும் அவளே பேழைக்குள் போட்டாள். அவை இப்போது எதுவாக இருக்கின்றன என்று தெரியாது. ஜன்னல் திரையாக இருக்கலாம். அவள் உடுத்தியிருக்கும் இதுவாகவே இருக்கலாம்.

பிற்பகலில் கம்பெனிக்குப் போனாள். தேய்வுப் பதிவகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஹ்மத் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பழசு அச்சடிக்கணுமா? அக்கா, இருபத்தாறு வருசமா பழசை அழிக்கறதுக்குத்தானே மெஷின் பண்ணிட்டிருக்கோம்."

"தலைகீழா ஓட்டினா வராதா?"

"வரும். நூலை நெரப்பற எடத்துல உருவச் சொல்லணும். யாரோட தேய்வு?"

அதுதான் பதிவகத்தின் வேலை. ஒவ்வொரு உடம்பும் துணியை ஒவ்வொரு விதமாகத் தேய்க்கிறது. பை மாட்டும் தோள், மேசையில் ஊன்றும் முழங்கை, கை துடைக்கும் முந்தானை. உள்ளே வரும் துணியைப் பேழை படித்து, யார் எங்கே தேய்ப்பார் என்று வரைபடமாகக் குறித்துக்கொள்ளும். அடுத்த நாள் அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக நூல் வைக்கும்.

"என்னோடதுதான்," என்றாள் பூங்கோதை. "தாரகை சின்னப் புள்ளையா இருந்தப்ப உள்ளது."

பதிவகத்தில் முதல் உடம்பு என்று இருப்பதே அவளுடையதுதான். மாதிரிப் பேழையைத் தன்மேல்தான் அவள் சோதித்தாள். தாரகைக்கு அப்போது ஒரு வயது.

கால் மணியில் சேலை வந்தது. வெளுத்த பருத்தி, தொட்டால் கையில் ஒட்டுவதுபோல் மென்மை. இரண்டு பேரும் மேசைமேல் விரித்தார்கள். வயிற்றின் குறுக்கே ஒரு நீண்ட தேய்வு இருந்தது. அது இயந்திரத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றதால் வந்தது. தோளில் ஊக்குக் குத்திய துளைகள். பின்புறத்தில், விமான நிலைய நாற்காலிகளில் உட்கார்ந்த தடம். முந்தானை மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. இடது இடுப்பும் அப்படியே.

ரஹ்மத் குனிந்து பார்த்தாள். "இடுப்புல ஒண்ணுமே இல்லையேக்கா. வலப்பக்கம் தூக்குவீங்களோ?"

வலப்பக்கமும் ஒன்றுமில்லை. ரஹ்மத்துக்கே அது தெரிந்துவிட்டது. அவள் சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

தன்னைப் பற்றிய ஓர் உண்மையை இத்தனை தெளிவாகப் பூங்கோதை பார்த்ததில்லை. அந்த வருடங்களில் பிள்ளையை நினைக்காத நாள் உண்டா என்று கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வாள். நினைப்பது துணியைத் தேய்ப்பதில்லை போலிருக்கிறது.

"ரெண்டாவது உடம்புன்னு ஒண்ணு இருக்கு, அதே வருசம்," என்றாள் ரஹ்மத். "யாருதுக்கா?"

"எங்க வீட்டுக்காரர்து."

அதையும் அச்சிட்டார்கள். ஓர் அரைக்கைச் சட்டை. இடது தோள் வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது. எச்சில் ஊறி ஊறிக் காய்ந்த இடம். பையின் ஓரம் ஒரு சின்னக் கை பிடித்து இழுத்ததில் தொங்கியிருந்தது. மூன்றாவது பொத்தானின் அடியில் பிள்ளை மென்ற நூல் பிசிறடித்திருந்தது. பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான்கு வருடம் பிள்ளையோடு வீட்டில் இருந்த மனிதர். அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லாததால் அது நடந்ததே அவளுக்குப் பாதி மறந்திருந்தது.

"இதே போதும்க்கா. கொழந்தை கெடக்க இதைவிட மெத்துனு வராது."

"சேலைதான் கேட்டாங்க."

"அப்ப இன்னொண்ணு பண்ணலாம். பிள்ளை பெத்து முதல் மூணு வருசம், நாலு லட்சம் பொம்பளைங்க பதிவு இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தா ஒரு அம்மா கெடைப்பா."

பூங்கோதை சட்டையைப் பார்த்தாள். சம்பந்தி சேலைதானே கேட்டாள் என்று மறுபடி சொல்லிக்கொண்டாள். அந்தக் காரணம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கும் காரணம் ஏன் உறுத்துகிறது என்றுதான் புரியவில்லை.

"அதையே அடி," என்றாள்.

மறுநாள் செண்பகம் சேலையை வாங்கிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசமே இல்லீங்களே?"

"பெட்டிக்குள்ளயே கெடந்ததுங்க." பொய் இத்தனை இலகுவாக வரும் என்று பூங்கோதை எதிர்பார்க்கவில்லை.

செண்பகத்தின் முகம் தெளிந்தது. சேலையில் பாதியைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினாள். மீதியைத் தாரகை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடுப்புப் பக்கத்தைத் தடவினாள். கை முந்தானைக்குப் போனது. அதன் மூலை முறுக்கி, சப்பி, கூழாகியிருந்தது. அவள் விரல்கள் அங்கே நின்றுவிட்டன.

"அம்மா, இதை வாயில வெச்சுட்டுத்தான் தூங்குவேன் நானு."

"கண்ணு..."

"ஞாபகம் இருக்குதும்மா. துணி வாயில நனைஞ்சு ஒரு மாதிரி உப்பா இருக்கும்." தாரகை அம்மாவின் மேல் சாய்ந்து அழுதாள். "நீ என்னைத் தூக்கினதே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்பாகிட்டக்கூட ஒருக்கா சண்டை போட்டேன், அம்மாவுக்கு என்னைவிட மெஷின்தானேன்னு. அவரு சிரிச்சாரு. இதைக் காட்டியிருக்கலாம்ல நீ?"

இருபத்தேழு வருடத்தில் மகள் அவள்மேல் இப்படிச் சாய்ந்ததில்லை. பூங்கோதை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் ஒரு நிமிடம் கழித்துச் சொல்லலாம் என்றும் தோன்றியது.

நிமிடங்கள் ஐந்து நாளாயின. அதற்குள் பிரசவ அறையில் சேலையைப் பார்த்த நர்ஸ்கள் வெளியே சொல்லி, கம்பெனிக்குக் கேட்டு வந்தவர்கள் நானூறு பேரைத் தாண்டிவிட்டார்கள். ரஹ்மத் போன் செய்தாள்.

"எல்லாருக்கும் அம்மா சேலை வேணுமாம்க்கா. அவங்கவங்க அம்மாவோட பதிவை எடுத்துக் காட்டினா மூஞ்சி சுருங்குது. பொதுவுல உள்ளதைக் காட்டினா, ஆமா இதேதான் எங்கம்மான்னு அழறாங்க. அதையே குடுத்துட்டிருக்கேன். ஊர்ல பொறக்கற கொழந்தைக்கெல்லாம் இனி ஒரே அம்மாதான்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்களில் அவளுக்கே ஒன்று நேர்ந்திருந்தது. நடக்கும்போது இடது இடுப்பில் ஒரு கனம் தெரிந்தது. பவுடர் வாசனையும் ஈரமான சின்ன மூச்சும் கழுத்தருகே வந்து போயின. இது தன்னுடையதா, சேலையைப் பார்த்ததால் வந்ததா? ஒருவேளை நிஜமாகவே தூக்கியிருப்பாளோ? பதிவில் ஏறாத அளவுக்குக் கொஞ்சமாக?

அப்படியானால் அவர்? அந்தக் கேள்விதான் அவளை எழுப்பியது. நான்கு வருடம் தேய்ந்த ஒரு தோளை அவள் தன் இடுப்பால் மூடிக்கொண்டிருக்கிறாள்.

சட்டையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியிருந்தது. செண்பகம் குழந்தையைக் குளிப்பாட்டி, துவட்டி, சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது உங்கப்பா சட்டை," என்றாள் பூங்கோதை. "உன்னைத் தூக்கினது அவருதான் அம்முணி. தோளைப் பாரு."

தாரகை தோளைத் தடவினாள். பொத்தானைப் பார்த்தாள். பிறகு சட்டையைத் திருப்பி, உள்பக்கம் கழுத்தோரத்தில் ஊசிமுனை அளவில் இருந்த பேழையின் முத்திரையை நகத்தால் சுட்டினாள்.

"இது அச்சடிச்சதும்மா."

"ஆமா. ஆனா பதிவு அவரோடது. சேலையும் அச்சடிச்சதுதான்."

செண்பகத்தின் கை நின்றது. "என்னுங்க சொல்றீங்க?"

பூங்கோதை சொன்னாள். முதல் உடம்பு, இரண்டாம் உடம்பு, நாலு லட்சம் பேர், எல்லாவற்றையும். தன் பதிவில் பிள்ளையின் தடமே இல்லை என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒரு கணக்கு வாத்தியாரைப்போலத் தன் குரல் கேட்டது.

தாரகை சேலையின் மூலையை உருட்டினாள்.

"அந்த நாலு லட்சம் பேர்ல நீயும் ஒருத்திதானே?"

"கணக்குப்படி... ஆமா."

"அப்புறமென்ன?" அவள் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளினாள். "பாரு. எல்லாத்துலயும் நீதான் என்னைத் தூக்கிட்டு நிக்கற. அப்பா ஒண்ணுலயாவது இருக்காரா?"

"அவருதான் படம் எடுத்தாரு. நான் வெளியூர்ல இருந்து வர்ற அன்னைக்கு மட்டும்..."

"அம்மா, அப்பா போனதுல இருந்தே நீ இப்படித்தான். எல்லாத்தையும் அவருக்குக் குடுத்துட்டு நீ ஒதுங்கிக்கற. அப்பா நல்லவருதான். என்னைப் பள்ளிக்கோடத்துக்குக் கொண்டுபோய் விட்டதெல்லாம் ஞாபகம் இருக்குது. சின்னதுல நீதான்." அவள் முந்தானை மூலையைத் தூக்கிக் காட்டினாள். "பொய்யா இருந்தா எனக்கு எப்படி ஞாபகம் வரும்?"

இதற்குப் பதில் இருக்கிறது என்று பூங்கோதைக்குத் தெரியும். பதிலைத் தேடியபோது பவுடர் வாசனைதான் வந்தது. உதவிக்குச் செண்பகத்தைப் பார்த்தாள்.

செண்பகம் குழந்தையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். "அஞ்சு நாளாச்சுங்க சம்மந்திம்மா. கொழந்தை நல்லாத்தான இருக்குது," என்றாள் மெதுவாக. "இப்பப் போய் எதுக்கு அதையெல்லாம் கெளறிட்டு?"

தாரகை சட்டையை மடித்துத் தலையணைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். "மெத்துனுதான் இருக்குது. கீழ போட்டுத் தொடைக்க ஆகும்." பிறகு மாமியாரிடமிருந்து குழந்தையை வாங்கி நீட்டினாள். "இந்தா, தூக்கும்மா. வந்ததுல இருந்து ஏதாச்சும் சாக்குச் சொல்லிட்டே இருக்கற."

பூங்கோதை கைகளை நீட்டினாள். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று தெரியவில்லை. குழந்தை வந்து சேர்ந்தது. அதன் தலை அவள் முழங்கையைத் தாண்டிப் பின்னால் சரிந்தது.

"தலை, தலை! தலையப் புடிங்க!" செண்பகம் பாய்ந்து வந்து உள்ளங்கையைக் கொடுத்தாள்.

பூங்கோதை மகளை நிமிர்ந்து பார்த்தாள். இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? இப்போதாவது தெரிந்திருக்கும்.

தாரகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்க அத்தை, எங்கம்மாவை. அத்தனை வருசம் என்னை இடுப்பை விட்டு எறக்காதவங்க. எல்லாம் மறந்துபோச்சு."

குழந்தை கண்ணைத் திறந்து பூங்கோதையைப் பார்த்தது. தலைக்கடியில் சம்பந்தியின் கை இன்னும் இருந்தது.

"ஆமா," என்றாள் பூங்கோதை. "மறந்துதான் போச்சு."