ஏஞ்சலோ அடித்த பச்சை

குழல் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். அது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேசுராஜ் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். காலையில் அந்த விளையாட்டு டாங்கிக்குச் சாம்பல் நிற ப்ரைமர் அடித்து, காற்று படட்டும் என்று குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, மேசையில் விரித்த பேப்பர் மேல் வைத்துவிட்டுத்தான் வெளியே போயிருந்தார். மும்பை செம்பூர் காலனியின் இந்த ஒற்றை அறை வீட்டுக்குச் சாவி அவரிடம் மட்டும்தான். மனைவி ஜோஸ்பின் தூத்துக்குடியில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். இந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று அவள் சொன்னபோது, இவரும் தடுக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து விளக்கைப் போட்டார். மழையில் மாலையே இரவு மாதிரி இருந்தது.

முழங்கை நீளமுள்ள பிளாஸ்டிக் டாங்கி அது, ரிமோட்டில் ஓடுவது. மகன் ஏஞ்சலோவுடையது. கடையில் வாங்கியபோது மஞ்சளாக இருந்ததை அவன்தான் பிடிவாதமாக உட்கார்ந்து பச்சையாக்கினான். அங்கங்கே திட்டுத்திட்டாக, வழிந்து, பிரஷ் மயிர் ஒட்டி. காய்வதற்குள் தொட்டுப் பார்த்ததில் குழல் பொருத்திய மேல்கூண்டின் பின்பக்கம் அவன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. கடைசி மாதங்களில் தொண்டை புண்ணாகிப் பேச முடியாமல் கட்டிலில் கிடந்தவன், இந்த டாங்கியை வைத்துத்தான் பதில் சொன்னான். குழல் மேலும் கீழும் ஆடினால் ஆமாம். இடமும் வலமும் திரும்பினால் இல்லை. வலிக்குதா என்று கேட்டால் எப்போதும் இடம், வலம். பொய்தான்.

அவனை அடக்கம் செய்தபோது ரிமோட்டைக் கையிலேயே வைத்துப் பெட்டியை மூடினார்கள். டாங்கியை மட்டும் ஜோஸ்பின் விடவில்லை.

இத்தனை வருஷம் கழித்து அதை எடுத்ததற்குக் காரணம், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்பதுதான். அந்தக் கிர்ர் சத்தத்தை இன்னொரு முறை கேட்டால் போதும் என்று இருந்தது. தாராவியில் பொம்மை ரிப்பேர் செய்யும் கரீம் பாட்சாவிடம் கொண்டுபோனார். அவர் புது பேட்டரி போட்டு, மோட்டாரில் கம்பி வைத்துத் தட்டிப் பார்த்து, எல்லாம் உயிரோடு இருக்கிறது என்றார். பிறகு ரிமோட்டைக் கேட்டார்.

“தொலைஞ்சிட்டு,” என்றார் சேசுராஜ்.

“அப்போ கஷ்டம்ணே. இது இதோட ரிமோட்டுக்கு மட்டுந்தான் கேக்கும். வேற எத அமுக்குனாலும் அசையாது. ரேஞ்சும் கம்மி, ஒரு ரூமுக்குள்ளதான். செட்டாவே மாத்தணும், நா பாத்து வைக்கேன். அதுக்குள்ள இந்தப் பெயிண்ட உரிச்சு நல்லா அடிச்சிருங்க, பாக்க சகிக்கல.”

அதனால் உரித்தார். ரேகை இருந்த இடத்தில் மட்டும் செலோடேப் ஒட்டி, மேல்பாகத்தைக் கழற்றி, பாத்ரூமில் ஒரு டப்பில் ஸ்பிரிட் ஊற்றி ஊறப்போட்டார். பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பச்சை தோல் தோலாக வந்தது. டேப்புக்கு அடியிலும் ஸ்பிரிட் போயிருந்தது. டேப்பை எடுத்தபோது ரேகை அதோடு வந்து, விரலில் ஒட்டி, கூழாகிப் போனது. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அந்தப் பச்சைத் தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் டப்பை அங்கேயே விட்டுவைத்திருந்தார்.

போனில் சொன்னபோது ஜோஸ்பின், “அந்தப் பெயிண்ட்ட அவந்தான அடிச்சான். அதயுமா சொரண்டுனிய?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

இப்போது சேசுராஜ் மேசைக்குக் குனிந்து பார்த்தார். கூண்டும் உடலும் சேரும் இடத்தில் காய்ந்த ப்ரைமர் வட்டமாக வெடித்திருந்தது. பொடி உதிர்ந்து பேப்பரில் கிடந்தது. காய்ந்த பிறகுதான் திரும்பியிருக்கிறது. அடியில் இருந்த சுவிட்சை அணைக்க மறந்திருந்தார். ஆனாலும் அது தானாகத் திரும்பாது. கரீம் பாட்சா சொன்னாரே.

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஸ்பிரிட் வாடை வீடு முழுக்க இருந்தது, அதற்குக் கீழே வேறொரு வாடையும் இருந்தது. மழைக்காலத்தில் தோண்டிய மண்ணின் வாடை. கல்லறையில் நின்றபோது அவர் அறிந்த வாடை.

கிர்ர்.

குழல் கதவிலிருந்து விலகி, மெதுவாக, அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

பயம் வந்தது. ஆனால் பயத்தை விடப் பெரிதாக ஒன்று கூடவே வந்தது. சந்தோஷம். வெட்கமில்லாத, பசி மாதிரியான சந்தோஷம். மண்டியிட்டு, குழலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தார். அவன் எப்படி வந்தாலும் சரி, எந்தக் கோலத்தில் வந்தாலும் சரி.

“ஏஞ்சலோவாப்பா?”

கிர்ர்.

குழல் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது.

அவருக்குப் புரியவில்லை. ஏதோ தப்பாக அமுக்கிவிட்டான், பிள்ளை மறந்திருப்பான். “அப்பாதான் கேக்கேன். ஏஞ்சலோதான?”

இடம். வலம்.

இந்த ஊரில் கல்லறைக் குழி யாருக்கும் சொந்தமில்லை. சில வருஷம் போனால் தோண்டி, எலும்பைச் சின்னப் பெட்டியில் போட்டுச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, குழியை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். ஏஞ்சலோவின் பெட்டியை இவர்தான் கையில் வாங்கினார். அவ்வளவு லேசாக இருந்தது. ரிமோட் அதில் இல்லை. மண்ணோடு கிடக்கும் என்றார் தோண்டியவர். அப்போதே அதே குழிக்கு அடுத்தவரின் சவப்பெட்டி, பெரிய பெட்டி, மழையில் நனைந்தபடி ஓரமாகக் காத்திருந்தது.

சேசுராஜின் கை தானாக டாங்கியின் பின்பக்கம் போனது. ரேகை இருந்த இடம். காய்ந்த ப்ரைமரில், ஈரத்தில் யாரோ விரல் வைத்த மாதிரி ஒரு பள்ளம். விரலை வைத்துப் பார்த்தார்.

அவர் விரலைவிட அகலம்.

ஒரு ரூமுக்குள்ளதான்.

கிர்ர். குழல் அவர் முகத்தைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. அவருக்குப் பின்னால், பாத்ரூம் பக்கம் நின்றது. பிறகு மெல்ல மேலும் கீழும் ஆடியது. அவர் எதையும் கேட்கவில்லை.

அவர் திரும்பவில்லை. தரையில் முட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஈரம். கண்ணை மட்டும் தாழ்த்தினார். பின்னாலிருந்து பச்சைத் தண்ணீர் மெதுவாக வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆமாம், என்றது குழல். ஆமாம். ஆமாம்.