அண்ணனுக்குப் பதிலாக

அருள்நாதன் வாந்திபேதியில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டில் அவன் பெயரே இல்லாமல் போய்விட்டது. அவனுடைய சட்டைகளை அப்பா எங்கோ ஒளித்துவைத்தார். யாராவது அவன் பேச்சை எடுத்தால், "உஸ்! அம்மா காதுல விழும்" என்று அடக்கிவிட்டு, பொன்மலை ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போய்விடுவார்.

அம்மா சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் வைத்த கஞ்சி ஆறிப்போகும். ஈ மட்டும்தான் அதைச் சாப்பிட்டது.

அருள்நாதனின் தங்கை சுகிர்தத்துக்குப் பத்து வயது. அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை என்பது தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள்.

அண்ணன் பிறந்ததும் அம்மா அவனைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், "ஆண்டவரே, இவன் உமக்குத்தான் ஊழியம் செய்வான்" என்று பொருத்தனை பண்ணியிருந்தாள். பொருத்தனை என்றால் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. அவர்கள் குடியிருந்த பாலக்கரையில் கிறிஸ்தவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சபைக் குருவை அங்கே ஐயர் என்பார்கள். அருள்நாதன் பெரியவனாகி ஐயர் ஆவான், வெள்ளை அங்கி போட்டுப் பிரசங்கம் செய்வான் என்று தெருவுக்கே தெரியும்.

சுகிர்தத்துக்காக யாரும் பொருத்தனை பண்ணவில்லை. அவள் பிறந்த அன்று மழை பெய்தது, ஓட்டுக்கூரை ஒழுகியது. அவளைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது.

'வாக்குக் கொடுத்த பிள்ளை போய்விட்டான். சும்மா பிறந்த பிள்ளை இருக்கிறாள். ஆண்டவர் ஆள் மாற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாரோ?'

இந்த எண்ணம் வந்ததிலிருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை. அண்ணனின் ஊழியத்தை யாராவது செய்தால் அம்மா எழுந்துவிடுவாள். யார் செய்வது? மிச்சம் இருப்பது அவள் மட்டும்தான்.

அவள் நேராக ஐயர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, அண்ணனுக்குப் பதிலா என்னை எடுத்துக்குங்க."

"எதுக்கும்மா?"

"ஐயர் ஆகறதுக்கு."

"பொம்பளைப் பிள்ளைங்க ஐயர் ஆக முடியாதேம்மா. சட்டம் அப்படி."

"யாருங்க போட்டாங்க அந்தச் சட்டத்தை?"

ஐயர் தாடியைச் சொறிந்தார். ஒரு கற்கண்டுக் கட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். "அற்புதம்மாளைப் போய்ப் பாரு. அவங்க செய்யறதும் ஊழியம்தான்" என்றார்.

அழுதுகொண்டே சாப்பிட்டால் எதுவும் ருசிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொய். அழுதபடியே வாயில் போட்ட கற்கண்டு நன்றாகவே இனித்தது. அண்ணன் இல்லாதபோதும் இனிக்கிறதே என்று அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

அற்புதம்மாளை எல்லோரும் பைபிள் அம்மா என்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்களின் வீடுகளுக்குப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். நடுவில் ஒரு பாட்டும் வேதக் கதையும் இருக்கும்.

"பாட வருமா?" என்று கேட்டார்.

"வரும்ங்க."

"அப்ப நாளைக்கு என்கூட ஸ்ரீரங்கம் வா."

மறுநாள் ஜட்கா வண்டி காவேரிப் பாலத்தைத் தாண்டும் வரை சுகிர்தம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு அடிகூட மறக்கவில்லை.

பாடம் வேதவதி என்ற அம்மாளின் வீட்டில். வேற்று மதத்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் பாய் போட்டிருந்தார்கள். வேதவதி கொஞ்சம் தள்ளி, கொல்லைவாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாடு சுகிர்தம்" என்றார் அற்புதம்மாள்.

முதல் அடி வந்தது. அடுத்த அடியில்தான் அண்ணன் எப்போதும் தகர டப்பாவில் தாளம் போடுவான். சுகிர்தம் தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்காகக் காத்திருந்தாள். தாளம் வரவில்லை. பாட்டும் வரவில்லை. ஓவென்று அழுகைதான் வந்தது.

"முதல் நாளே இப்படியா?" என்று அற்புதம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏண்டி குழந்தே அழறே?" என்றாள் வேதவதி.

"எங்க அண்ணன் செத்துப்போயிட்டான்."

வேதவதி உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எங்காத்துலயும் ஒரு குழந்தை இருந்தா. பெருமாள் அழைச்சுண்டுட்டார்."

சுகிர்தம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேரு என்னங்க?"

வேதவதி திடுக்கிட்டாள். அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"பூமா. நாலு வயசு. இங்க யாரும் அவ பேரைச் சொல்றதில்லே. சொன்னா நான் அழுவேனாம்."

"பூமா என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவாளா? கோயில் யானையைப் பார்த்தா விடமாட்டா. 'எங்காத்துக்கு வா, தயிர்சாதம் தரேன்'னு கூப்பிடுவா. நாங்க யானைக்கு எங்கேடி போறது தயிருக்கு!"

சொல்லும்போதே வேதவதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகை ஆனது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் மறுபடியும் பூமாவைப் பற்றியே பேசினாள். சுகிர்தம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் பாடப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை.

கிளம்பும்போது வேதவதி, "நாளைக்கும் வருவியோ?" என்று கேட்டாள். அற்புதம்மாளை அல்ல, சுகிர்தத்தை.

வண்டியில் சுகிர்தம் தலையைத் தொங்கப்போட்டிருந்தாள். "பாட்டும் பாடலை, கதையும் சொல்லலை. இதுக்கும் நான் லாயக்கில்லைங்க."

"பேசாம வா" என்றார் அற்புதம்மாள். பாலம் முடியும் வரை அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார்.

வீட்டில் அம்மா அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுகிர்தம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பா கேட்டால் திட்டுவார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"அம்மா, அருள் அண்ணன் பிரசங்கம் பண்ணிப் பழகறேன்னு நம்ம ஆட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தான்ல?"

அம்மாவின் முதுகு விறைத்தது. கெடுத்துவிட்டோம் என்று சுகிர்தம் எழுந்துபோகப் பார்த்தாள்.

"ஆடு இல்லடி" என்றது சுவர்ப்பக்கமிருந்து ஒரு குரல். "சேவல். ஆட்டைப் பிடிக்க அவனுக்கு எங்க வந்தது? சேவலுக்குப் போய் எலிசபெத்துன்னு பேரு வெச்சான், பாவி!"

அம்மா சிரித்தாள். பிறகு, அவன் போன நாளில்கூட அழாத அழுகையை வாய்விட்டு அழுதாள். விளக்கு வைக்கும் நேரம் வரை அருள்நாதன், அருள்நாதன் என்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினாள்.

"அம்மா, ஆண்டவர் ஆள் மாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாரா?"

அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "யாருடி சொன்னது?"

"நானேதான்."

அம்மா அவளை இழுத்து இறுக்கிக்கொண்டாள். மூச்சுமுட்டியது. சுகிர்தம் அப்படியே இருந்தாள்.

"ஸ்ரீரங்கத்துல ஒரு அம்மா நாளைக்கும் வரச் சொன்னாங்கம்மா. அவங்க பொண்ணு செத்துப்போச்சு. நான் ஒண்ணுமே பண்ணலை. பேரைத்தான் கேட்டேன்."

அம்மா மகளின் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"யாருடி பின்னிவிட்டது இதை?"

"நானே."

"சீப்பை எடுத்துட்டு வந்து திரும்பி உட்காரு. நாளைக்கு அந்த அம்மா முன்னாடி என் பொண்ணு பரட்டைத் தலையோட போய் நிக்கக் கூடாது."