புளுகுப் பார்

“இந்தத் தடவையும் வெறும் மணலைக் காட்டினேன்னு வையி, உன் போட்டுல இனிமே காலை வைக்க மாட்டேன் தம்பி. ஆமா, சொல்லிட்டேன்!”

இப்படி மிரட்டிக்கொண்டேதான் பஞ்சவர்ணம் அக்கா ‘ஸ்டெல்லா’ படகில் ஏறினார். மதுரை சிம்மக்கல்லில் மெஸ் நடத்துகிறவர். முப்பது வருடமாக மீனை விலைக்கு வாங்கி வாங்கிச் சலித்துப்போய், ஒரு பெரிய செப்பிலியையாவது தன் கையால் பிடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். செப்பிலி வேறொன்றும் இல்லை, மதுரைக்காரர்கள் சட்டியில் பார்க்கும் சங்கராவுக்குப் பெரியப்பா முறை. சிவப்பு உடம்பு, முரட்டு வாய்.

படகுக்காரன் கஸ்மீர் சிரித்துச் சமாளித்தான். தூத்துக்குடியில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்குப் படகை வாடகைக்கு விட்டு, தானே ஓட்டியும் போகிறவன் அவன். ஆனால் இந்தப் பயணத்தில் அவனுக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது.

அவனுடைய அப்பா சவரிராயன், கடலடியில் ஒரு பார் இருப்பதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டு அகலத்துக்கு ஒரு பாறைத் திட்டு. அதில் செப்பிலி சிவப்புத் துணி விரித்த மாதிரி நிற்கும் என்பார். பாவம், அதை வேறு யாரும் பார்த்ததில்லை. துறைமுகமே அதற்குப் ‘புளுகுப் பார்’ என்று பெயர் வைத்துச் சிரித்தது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. கஸ்மீருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா பொய் சொல்லவில்லை என்று ஒரே ஒரு முறை நிரூபித்துவிட்டால் போதும்!

கைவசம் இருந்த ஒரே வரைபடம் அப்பாவின் தூண்டில் பெட்டி மூடி. அதன் உட்புறத்தில் கரியால் எழுதியிருந்தார்: ‘வெளக்குக்குப் பின்னால கோயில் கோபுரம். ஒத்தப் பனைக்குப் பின்னால உப்பு அம்பாரம்.’

கடலில் நின்று பார்க்கும்போது, கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் மாதா கோயில் கோபுரம் தெரிய வேண்டும். அதே நேரத்தில் ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் உப்புக் குவியலும் தெரிய வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். கடல்காரர்கள் இதைக் கணியம் என்பார்கள். படகில் ஜிபிஎஸ் இருந்தது. ஆனால் அதற்கு எண் வேண்டுமே! அப்பா எழுதியதில் எண்ணா இருக்கிறது?

அக்காவை வைத்துக்கொண்டு ஏற்கெனவே இரண்டு முறை தேடியாயிற்று. ஆடியில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியைக் கிளப்பிக் கரையையே மறைத்துவிட்டது. பாதி வழியில் திரும்பினார்கள். மார்கழியில் வாடை அலையில் படகு குதியாட்டம் போட, அக்கா காலையில் தின்ற ஆறு இட்லியையும் கடலுக்கே கொடுத்தார். அம்பாரம் எதுவும் கண்ணில் படவில்லை. ‘அப்பா சொன்ன அம்பாரம் இருந்த இடத்துலதான் இப்ப கிட்டங்கி கட்டிட்டாங்க போல’ என்று கஸ்மீரே முடிவு கட்டி, அந்த வெள்ளைச் சரக்குக் கிட்டங்கியைப் பனைக்குப் பின்னால் நிறுத்தித் தூண்டில் போட்டான். மணல்தான்!

இப்போது பங்குனி. வழக்கமாக இந்த மாதம் ‘ஸ்டெல்லா’ கரையேறிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும். அக்காவுக்கு வேறு நாள் ஒழியாததால், பெயின்டைத் தள்ளிவைத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. இஞ்சினைப் பார்த்துக்கொண்டது கஸ்மீரின் மைத்துனன் டெல்மஸ்.

“அத்தான், பழைய எடம் வந்தாச்சு. ஆழம் பாக்குற மிஷின்ல மணல்தான் காட்டுது.”

கஸ்மீருக்கு முகம் செத்துப்போயிற்று. அக்காவோ கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, அந்தக் கிட்டங்கிக்கு வலது பக்கம் இட்லி கவுத்து வச்ச மாதிரி வெள்ளையா ஒண்ணு தெரியுதே, அது என்னப்பா?”

கஸ்மீர் துள்ளி எழுந்தான்.

“அம்பாரம்! யக்கா, அதான் உப்பு அம்பாரம்! மழைக் காலத்துல ஓலை போட்டு மூடிருவாங்க, மண்ணோட மண்ணாத் தெரியும். இப்பல்லா புது உப்பைக் குமிச்சுருக்காங்க! எங்கப்பா ஈஸ்டருக்கு முந்தி, இந்தத் தவசு காலத்துலதான் இங்க வருவாரு. நான் கூறுகெட்டவன், அந்த நேரம் பாத்துப் போட்டைக் கரையில ஏத்திப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!”

“அத்தான், தெக்க பாரும்!” என்று டெல்மஸ் கத்தினான்.

தெற்கே வானம் கறுத்து, மழை கரையோரமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. முதலில் மறையப்போவது விளக்குதான். அது மறைந்தால் கணியமும் போச்சு!

“விடாத மாப்ள! கோபுரம் விளக்கை விட்டு வெலகாம தென்மேக்க ஓட்டு! பனையை நான் பாத்துக்கிடுதேன்!”

படகு சீறியது. கிட்டங்கியை விட்டு நகர்ந்த பனை மெல்ல மெல்ல அம்பாரத்தை நெருங்கியது. மழையும் நெருங்கியது. கோபுரத்தின் சிலுவை மங்கிற்று. விளக்கின் கீழ்ப் பாதி காணாமல் போயிற்று.

“இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… நிறுத்து!”

பனை அம்பாரத்தின் நட்ட நடுவில் நின்றது. மறு நொடி விளக்கை மழை விழுங்கியது. மிஷின் திரையில் மட்டமாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று மேடாக எழும்பியது.

“பாறை!” என்றான் டெல்மஸ்.

கஸ்மீர் முதலில் இடத்தைப் பதிந்துவைக்க ஜிபிஎஸ் பொத்தானை அழுத்தினான். நீரோட்டத்தைப் பார்த்து, சற்று முன்னே தள்ளி நங்கூரம் போட்டான். அக்கா கணவாய்த் துண்டு குத்திய தூண்டிலை இறக்கினார். ஈயக்குண்டு தரை தட்டுவதற்குள் ஒரு வெட்டு!

“இழுக்குதுப்பா! ஆளையே இழுக்குது!”

“பாறைக்குள்ள விட்டுராதீங்க யக்கா! முதல்ல தூக்குங்க… ஆங், இப்பக் கொஞ்சம் விடுங்க… இப்பச் சுத்துங்க!”

மழை வந்து மூவரையும் நனைத்தது. காற்று படகை ஆட்டியது. முப்பது வருடம் புரோட்டா மாவு பிசைந்த கை அது; சும்மா விடுமா? கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பின் தண்ணீருக்குள் சிவப்பாக ஒன்று புரண்டது. டெல்மஸ் வலையை விட்டு அள்ளினான். ஏழு கிலோ இருக்கும்! அக்கா மீனை மடியில் போட்டுக்கொண்டு, “எம்புட்டு அழகா இருக்க நீ!” என்று கொஞ்சினார்.

கஸ்மீர் திரும்பி நின்று அழுதான். மழை நல்ல நேரத்தில் பெய்தது.

மழை ஓய்வதற்குள் பதினொரு செப்பிலி ஏறிவிட்டது. போதும் என்று அக்காவே சொல்லிவிட்டார். வெயில் திரும்ப, ‘ஸ்டெல்லா’ துறைமுகத்துக்குள் நுழைந்தது. படகின் முகப்பில் மீனைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற பஞ்சவர்ணம் அக்காவைப் பார்த்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ‘புளுகுப் பார்’ என்று முதன்முதலில் பெயர் வைத்த ஹில்லாரி மாமாதான் முன்னால் வந்தார்.

“எங்க பிடிச்சடே இதை?”

“எங்கப்பா சொன்ன எடத்துல மாமா.”

ஹில்லாரி மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சவரிராயனை ரொம்பப் பேசிட்டேன்டே. தப்புதான். அந்தப் பேரை மாத்திருவோம். சவரிராயன் பார்னு சொல்லுவோம், என்ன?”

கஸ்மீருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

“வேண்டாம் மாமா. புளுகுப் பார்னே இருக்கட்டும். அப்பத்தான் அசலூர்க்காரன் எவனும் தேடிட்டு வர மாட்டான்!”

துறையே சிரித்தது. இந்த முறை அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

படகைக் கழுவி முடித்த பிறகு கஸ்மீர் தூண்டில் பெட்டியைத் திறந்தான். பெயின்ட் அடிக்கிற வேலையை இனி மீன்பிடித் தடைக் காலத்தில் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு கரித்துண்டைத் தேடி எடுத்து, மூடியில் அப்பாவின் எழுத்துக்குக் கீழே, அவர் எழுத மறந்த ஒரே ஒரு சொல்லை எழுதினான்:

‘பங்குனியில்.’