ஒரு பென்சில், ஏழு பென்சில்

ஜூன் 6, வெள்ளி

இன்று ஒரு தவறு செய்தேன். புதுப் போனின் முதுகில் தேதி எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் அதில் தேதி எழுதுவோம். அம்மா மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒவ்வொரு படுக்கை விரிப்பின் ஓரத்திலும் அது வந்த தேதியை எழுத வேண்டும். அதற்கென்று தடித்த கறுப்புப் பேனா உண்டு. கொதிக்கும் தண்ணீரில் துவைத்தாலும் அந்த மை போகாது. தீரப்போகிறது என்று ஒரு பேனாவை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் தீரவில்லை. வாளி, விளக்கு, துடைப்பம், என் செருப்பு எல்லாவற்றிலும் தேதி இருக்கிறது. என் தம்பி வாலு ஒருநாள் தன் வயிற்றில் பிறந்த தேதியை எழுதிக்கொண்டு நின்றான். அது அழிய ஒன்பது நாள் ஆனது.

அதனால் பெட்டியைப் பிரித்ததும் என் கை தானாகப் பேனாவைத் தேடியது. போனில் எழுதலாமா என்று நான் யோசித்தபோது எழுதி முடித்திருந்தேன். எனக்கு யோசனை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அம்மா திட்டவில்லை. "விடு. நம்ம போன்தானே. யார் திருப்பிக் கேக்கப் போறாங்க?" என்றாள்.

அம்மாவின் பழைய போன் போன வாரம் சலவைத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. போன் இல்லாமல் அம்மாவுக்கு வேலை இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புவார். நாளைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று அதில் இருக்கும். முதலில் பதில் போடுகிறவர்களுக்குத்தான் வேலை.

"அவர் போன் பண்ணிச் சொல்லக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாப்பது பேருக்கு அவர் போன் பண்ணிட்டிருந்தா துணியை யாரு துவைக்கறது?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது. கண் கூசும், பிறகு தலை வலிக்கும். மழை இல்லாத நாளிலும் குடையோடுதான் போவாள். வீட்டில் எரிகிற ஒரே விளக்குக்கும் மஞ்சள் காகிதத்தில் தொப்பி போட்டிருக்கிறோம். அதனால் புதுப் போனின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்தேன். இன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஜூன் 9, திங்கள்

சனி, ஞாயிறு, இன்று, மூன்று நாளும் அம்மாவுக்கு வேலை கிடைக்கவில்லை.

வெள்ளியன்று நான் மாலை வகுப்பில் இருந்தபோது செய்தி வந்தது. அம்மா போனைக் கையில் எடுத்தாள். படித்து முடிப்பதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடி, ஒருவழியாகப் பதில் போட்டபோது இடம் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை வாந்தியும் வந்தது. நேற்று போனைத் தொடவே இல்லை.

வாலு முதல் வகுப்பில் படிக்கிறான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவன் 'நாளை' என்று படித்து முடிப்பதற்குள் நாளையே வந்துவிடும்.

அதனால் இன்று நான் மாலை வகுப்புக்குப் போகவில்லை.

வகுப்பு நூலகத்தின் மாடியில், ஞாயிறு உட்படத் தினமும் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியும். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். ஏழு மாதம் காத்திருந்த பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆறு மணிக்குச் செய்தி வந்தது. நான் படித்து, முதல் ஆளாகப் பதில் போட்டேன். நாளைக்கு அம்மாவுக்கு வேலை உண்டு. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அம்மா கண்ணின்மேல் ஈரத்துணியைப் போட்டுப் படுத்திருந்தாள். "மணி ஆறாச்சே. நீ வகுப்புக்குப் போகல?"

"இன்னைக்கு லீவும்மா."

"பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். துணி போட்டிருக்கறதால பாக்க முடியல."

"நான் பாத்துச் சொல்றேம்மா," என்று வாலு ஓடிவந்தான். "சிவப்பு! ரெண்டு காதும்!"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். அம்மா போனைப் பார்த்த நேரம், வலி வந்த நேரம். நான்கு முறை பார்த்திருக்கிறாள், நான்கு முறையும் வலி. பழைய போனில் இப்படி வந்ததில்லை. ஆனால் சலவைக்கூடத்தில் சூடும் அதிகம். சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒருவேளை நான்தான் போன்மேல் பழி போடுகிறேனோ? தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது நாளாக வகுப்புக்குப் போகவில்லை. நாளையும் போகாவிட்டால் அவ்வளவுதான்.

காலையிலிருந்து மழை. அம்மா வேலை முடிந்து வந்து படுத்துவிட்டாள். ஆறு மணிச் செய்திக்கு நானே பதில் போட்டேன். பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். அம்மாவுக்காக விளக்கை அணைத்திருந்தோம். மழை மூட்டத்தில் அறை இருட்டாக இருந்தது. போனை டம்ளரில் சாய்த்து நிறுத்தி, அந்த வெளிச்சத்தில் நோட்டைத் திறந்தேன்.

பின்னக் கணக்கு. முக்காலை அரையால் வகுக்க வேண்டும். எனக்கு விடை வராவிட்டால் பென்சிலை விரலிடுக்கில் பிடித்து வேகமாக ஆட்டுவேன். அப்படி ஆட்டினால் விடை வந்துவிடும் என்று இல்லை. சும்மா ஒரு பழக்கம்.

"அக்கா!" என்று வாலு கத்தினான். "உன் கையில ஏழு பென்சில் இருக்கு!"

"கத்தாதே. அம்மா தூங்கறா."

"நீயே பாரேன்!"

பார்த்தேன். போன் திரைக்கு முன்னால் என் பென்சில் விசிறி மாதிரி விரிந்து, தனித்தனியாகத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

ஜன்னல் பக்கம் போய் ஆட்டினேன். அங்கே ஒரே மங்கலான கோடாகத் தெரிந்தது. திரும்பி வந்து போன் முன்னால் ஆட்டினேன். மறுபடி ஏழு. போனின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றினேன். பென்சில்கள் சேர்ந்து ஒரு கோடாகிவிட்டன. குறைத்தேன். மீண்டும் ஏழு.

பக்கத்து வீட்டு ஓட்டுநர் மாமாவிடம் ஓடினேன். அவருடைய போன் மிகப் பழையது.

"என்ன, எம் போனுக்கு மந்திரம் போடறியா?" என்று கேட்டார்.

"வெளிச்சத்தைக் குறைங்க மாமா. கொஞ்ச நேரம்தான்."

எவ்வளவு குறைத்தும் அதில் ஒரு கோடுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். கோயில், கடை என்று எங்காவது விட்டுவிட்டு எரியும் விளக்குக்கு முன்னால் ஓடினால் நாம் வெட்டி வெட்டி ஓடுகிற மாதிரி தெரியும். அப்படியென்றால் இந்தப் போனும் விட்டுவிட்டு எரிகிறது. மிக வேகமாக எரிவதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால்தான் அப்படி எரிகிறது.

குறைத்து வைத்தது நான்தான்.

அம்மா எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலையும் ஆட்டிக் காட்டினேன். "நான்தாம்மா குறைச்சேன். நாலு நாளா நான்தான் உன்னை..."

"கூசக்கூடாதுன்னுதானே குறைச்சே?"

"ஆமா. ஆனா வலிச்சுதே."

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். வாலுவும் வந்து என்மேல் சாய்ந்தான். கனமாக இருந்தான்.

"வெளிச்சத்தை ஏத்தினா கண்ணு கூசுது. இறக்கினா தலை வலிக்குது. இந்தப் போன் எனக்கு ஆகாது," என்றாள் அம்மா. "நாளைக்குக் கடைக்குப் போய்க் கேட்டுப் பாப்போம்."

"பிரிச்ச போனை வாங்க மாட்டாங்கம்மா. முதுகுல வேற எழுதியிருக்கேன்."

"மாட்டேன்னு அவங்க சொல்லட்டும். அதையும் நாமளே சொல்லணுமா?"

ஜூன் 11, புதன்

பள்ளி விட்டதும் மூவரும் கடைக்குப் போனோம். அப்போது மணி நான்கு பத்து.

கடைக்குள் கூரை முழுவதும் வெள்ளை விளக்குகள். அம்மா வாசலிலேயே நின்று, மடக்கிய குடையை மறுபடி விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் அண்ணன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், கடைக்குள்ள மழை பெய்யல."

"லைட்டு பெய்யுதே தம்பி," என்றாள் அம்மா.

அவர் போனை வாங்கி இப்படியும் அப்படியும் தட்டினார். "ஆன் ஆகுது, பேசுது, படம் எடுக்குது. என்ன குறை?"

"குறை இல்லண்ணா. அம்மாவுக்கு ஒத்துக்கல," என்றேன்.

"ஒத்துக்கலன்னு திருப்பித் தர இது என்ன செருப்பா பாப்பா? பிரிச்சாச்சுன்னா பிரிச்சதுதான். பழுதா இருந்தா மட்டும்தான் எடுப்போம்."

"செருப்பு கடிச்சா எங்க கடிக்குதுன்னு காட்டிடலாம்," என்றாள் அம்மா. "இது கடிக்கறதைக் காட்ட முடியலையே."

அவர் இன்னும் போனின் முதுகைப் பார்க்கவில்லை. மேசைமேல் அது மல்லாந்து கிடந்தது. சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் பிறகு பார்த்தால் அம்மாதான் மறைத்தாள் என்று நினைப்பார். நானே போனைத் திருப்பினேன்.

"இதையும் பாத்துடுங்கண்ணா. நான்தான் எழுதினேன்."

அண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "இங்க வந்து பாருங்க! போனுக்குப் பிறந்தநாள் எழுதியிருக்காங்க!" என்று சத்தமாகச் சிரித்தார். போன் வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். என் காது சுட்டது. எந்த நிறத்தில் இருந்தது என்று வாலு நல்லவேளையாகச் சொல்லவில்லை.

"வா கண்ணு, போகலாம்," என்றாள் அம்மா. குடைக்குள் அவள் முகம் வெளுத்திருந்தது.

மணி நான்கரை. இப்போது கிளம்பினால் வகுப்புக்கு நேரத்தோடு போய்விடலாம். ஆனால் ஆறு மணிக்குச் செய்தி வருமே? அம்மா அதை எதில் படிப்பாள்?

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். "அண்ணா, வெளிச்சத்தைக் குறைச்சுட்டு இதை ஒருதடவை ஆட்டிப் பாருங்க. அப்புறம் போயிடறோம்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"எங்கிட்ட குடு," என்று ஒரு குரல் கேட்டது. மூலை மேசையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த பழுதுபார்க்கும் அக்கா எழுந்து வந்தார். போனைத் தன் மேசைக்கு அடியில் இருந்த நிழலில் வைத்துப் பென்சிலை ஆட்டினார். நிறுத்தினார். மறுபடி ஆட்டினார்.

"ஏழு," என்றார்.

"நாங்களும் ஏழுதான் எண்ணினோம்!" என்றான் வாலு.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கே. சில திரைங்க வெளிச்சத்தைக் குறைக்கறதுக்கு வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியும். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குத் தாங்காது. வாங்கும்போது யாரும் கேக்கறதில்ல. நாங்களும் சொல்றதில்ல." அக்கா டை அண்ணனைப் பார்த்தார். அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

முதலாளியிடம் அக்காதான் போனில் பேசினார். பணம் திரும்பக் கிடைக்காது. இதைப் பழைய போனாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கடையில் இருக்கும் பழைய போன் ஒன்றைத் தருவார்கள். அம்மா போனை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தாள். அந்தப் புதுப் போன் அழகாக இருந்தது. அம்மா முதன்முதலாக வாங்கிய புதுப் போன் அது.

"சரி," என்றாள்.

அக்கா ஏதோ திரவத்தைத் தொட்டு என் எழுத்தைத் துடைத்தார். அது அசையவில்லை. "என்ன மை இது?"

"கொதிக்கிற தண்ணியிலகூடப் போகாதுக்கா," என்றேன். கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பழைய போன்களை நிழலில் வரிசையாக வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, ஒவ்வொன்றின் முன்னும் பென்சிலை ஆட்டினேன். ஐந்து பென்சில். ஒன்பது பென்சில். மறுபடி ஐந்து. எட்டாவது போனில்தான் ஒரே கோடாகத் தெரிந்தது. தடியாக, மூலை தேய்ந்து இருந்தது.

"சோப்புக்கட்டி மாதிரி இருக்கு," என்றான் வாலு.

அம்மா குடை நிழலில் அதை உற்றுப் பார்த்தாள். நான் மனதுக்குள் முந்நூறுவரை எண்ணினேன். அம்மா நெற்றியைப் பிடிக்கவில்லை.

"இதையே குடுங்க," என்றாள். என் பக்கம் திரும்பி, "மணி அஞ்சே கால். ஓடு," என்றாள்.

"ஆறு மணிக்கு..."

"நான் பாத்துக்கறேன். ஓடுடி!"

ஓடினேன். மாடிப்படி ஏறும்போது வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. "இருக்கேன்!" என்று படியிலிருந்தே கத்தினேன்.

வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆறு மணிக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐந்துக்கும் பார்த்தேன். முந்நூறு எண்ணும் நேரம் போதுமா? வீட்டுக்குப் போன பிறகு வலி வந்தால்? போட்ட நான்கு கணக்கில் மூன்று தப்பு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படுத்திருக்கவில்லை.

"செய்தி வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன். ரெண்டாவது ஆளா பதில் போட்டேன். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வேலை."

"தலை வலிக்குதா?"

"வலிக்குது. அந்தக் கடை லைட்டுல வந்த வலி. நாளைக்குள்ள போயிடும்."

அம்மாவின் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை. அம்மாவுக்கும் பொய் சொன்னால் காது சிவக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நம்பினேன்.

நாளை செய்ய வேண்டியது: அம்மா விடிவதற்குள் போய்விடுவாள். வாலுவை நான் எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளியில் விட வேண்டும். வராத இரண்டு நாளின் கணக்குகள் மொத்தம் பதினேழு. ஐந்தரை மணிக்குள் அவற்றை முடித்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும்.