இடது சக்கரத்துக் காற்று

டயரிலிருந்து சீறிய காற்றில் ஏலக்காய் மணந்தது. ஜலீல் மூக்கைச் சுளித்தார். ரப்பர் வாடை வரலாம், துரு வாடை வரலாம். ஏலக்காய்க்கு இங்கே என்ன வேலை?

புனேக்கு வெளியே இருந்த அந்த ஃப்ளையிங் கிளப்பில் மெக்கானிக் அவர். சக்கரங்களோடே வயசாகிவிட்ட மனிதர். இன்றைக்கு மட்டும் எதையும் இரண்டு தடவை பார்த்தார். மேலே, குட்டி விமானத்துக்குள் தனியாக உட்கார்ந்திருந்தது அவருடைய ஒரே மகள் தமன்னா. மழை விட்டதும், பயிற்சியாளர் முகுந்த் இல்லாமல் பறக்கப்போகும் முதல் தடவை. மழைமேகம் கவிந்து ஷெட்டுக்குள் பகலிலேயே இருட்டு. ஈர சிமென்ட், பெட்ரோல் வாடை, தகரக் கூரையில் பெரிய பெரிய சொட்டுகள். டயரில் காற்று குறைந்தால் இறங்கும்போது விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் சரியாகத்தான் காட்டியது. அழுத்திப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் துளிக் காற்று வெளியேறும், ஒரு தடவை போதும் என்று மற்றவர்களை ஏசுகிறவரே அவர்தான். பெற்ற மனசு கேட்குமா? மறுபடி அழுத்தினார். ஸ்ஸ். மறுபடி ஏலக்காய்.

“ஆச்சா வாப்பா? முகுந்த் சார் ஆபீஸ்ல வெயிட் பண்றாரு.”

“இரும்மா, இன்னொரு தடவை பாத்துடுறேன்.”

ஸ்ஸ். முள் இறங்கியது. ஓட்டையோ என்று சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட இல்லை. காற்று எங்கேதான் போகிறது? பதறிப்போய் மறுபடி வைத்தார். ஸ்ஸ்ஸ்.

“வாப்பா... போதும்... மூச்சு...”

பைக்கில் வரும்போது, படபடப்புக்கு நல்லது என்று அவரே அவள் கையில் கொடுத்து மெல்லச் சொன்ன ஏலக்காய் ஞாபகம் வந்தது.

ஜலீல் கேஜைப் பிடுங்கினார். சீறல் நிற்கவில்லை. வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அடைத்தார். மேலே, ஒரு பெரிய மூச்சிழுப்பு. விரல் வழுக்கியது. விமானத்தின் ஜன்னல் கண்ணாடியில் அவள் தலை சாய்ந்தது. உதடு நீலம்.

மறுபடி அடைத்தார். “முகுந்த் சார்!” மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. காற்றடிக்கும் குழாய் எதிர்ச்சுவரில். கைக்கு எட்டாது. விரலை எடுக்க முடியாது. விரலுக்கடியில் கசிந்துகொண்டே இருந்தது.

மண்டியிட்டார். வால்வை வாயில் கவ்வி ஊதினார். நெஞ்சு வெடிக்க ஊதினார். உள்ளே போகவில்லை.

காற்று எதிரே வந்தது. இளஞ்சூடாக.

சக்கரம் தரையில் அமுங்கியது. மேலே சத்தமே இல்லை. வாயை எடுத்தால் அதுவும் போய்விடும். எடுக்காமல் ஜலீல் மண்டியிட்டே இருந்தார். அவர் தொண்டைக்குள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, ஏலக்காய் மணக்கும் மூச்சு.