ஒரு நிமிஷம்பா

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு அடுத்த அறையில் கட்டில் கம்பியை யாரோ தட்டினார்கள். டக். டக். மோதிரம் இரும்பில் படுகிற சத்தம். சோபாவில் அரைத்தூக்கத்தில் கிடந்தவனுக்கு அது யாரென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மோதிரம் அவன் விரலில் இருந்தது.

பக்கவாதத்தில் பேச்சுப் போன பிறகு அப்பாவுக்கு அந்த மோதிரவிரல்தான் வாய். இரண்டு வருஷம் ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்தவள் அக்கா. இருபத்திரண்டு மணி நேரம் விமானத்தில் முடங்கி இவன் வந்து சேர்ந்த மறுநாள்தான், கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவள் தைரியமாக வெளியே கிளம்பினாள். சளி கட்டினால் தட்டுவார், ஒருக்களித்துப் படுக்க வை, அவ்வளவுதான் என்றாள். அவ்வளவேதான். ஆனால் அந்தப் பிற்பகல் அவன் உடம்புக்கு நடுநிசி. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் கண் சொருகியது. தட்டியது கேட்டது. கேட்கவில்லை என்று தனக்குள்கூட அவனால் சாதிக்க முடியாது. “ஒரு நிமிஷம்பா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டுத் தலையை மறுபுறம் சாய்த்துக்கொண்டான்.

அக்கா வீங்கிய கன்னத்தோடு திரும்பியபோது அப்பாவின் விரல் கம்பியில் கொக்கிபோல மாட்டியிருந்தது.

“தட்டவே இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

அவள் அழுதாள். பிறகு, கடைசியில் கூட இருந்தவன் நீதானே என்று மோதிரத்தை இவன் விரலில் போட்டுவிட்டாள். கூசிப்போயிற்று. கையை இழுத்துக்கொள்ளக்கூட அவனுக்கு வக்கில்லை.

அன்றிலிருந்து தூக்கத்தைச் சரிக்கட்ட என்னென்னவோ செய்து பார்த்தான். காலை வெயிலில் நடந்தான், காப்பியை விட்டான், கைபேசியை அலமாரியில் பூட்டினான். உடம்பு மட்டும்தான் இறங்கியிருக்கிறது, மீதியைப் பெட்டியோடு எங்கோ தொலைத்துவிட்டான் என்று அக்கா கேலி செய்தாள். இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழிப்பு. பகல் மூன்றானால் இமை தானாக இறங்கும். பிறகு அந்தச் சத்தம்.

இன்றும் அந்தச் சத்தத்துக்கு அவன் விழித்த பிறகு, பல் தையலைப் பிரிக்கக் கிளம்பும்போது அக்கா செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே கேட்டாள்.

“தூக்கத்துல ‘ஒரு நிமிஷம்பா’ன்னு சொல்றியே, யார்கிட்டடா?”

முகம் சுட்டது. இப்போதாவது சொல்லித் தொலைத்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“ஏதோ ஆபீஸ் கனவுக்கா.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சோபாவில் வெளிச்சம் அடிக்கிறது, அதனால்தான் தூக்கம் கெடுகிறது, போய் அப்பா கட்டிலில் படு, இருட்டாக இருக்கும் என்றாள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். போய்ப் படுத்தான். அக்கா திரையை இழுத்து விட்டு, போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தைல வாடையும் டெட்டால் வாடையும் மெத்தையில் இன்னும் போகவில்லை. விழித்தே இருப்பதென்று விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். தெருவில் ஒரு வண்டி நின்றது, கிளம்பியது. குழாய் சொட்டியது. கண் சொருகியது.

டக்.

விழித்தான். இருட்டு. சத்தம் மிகப் பக்கத்தில்.

டக். டக்.

எழப் பார்த்தான். கால் வரவில்லை. கை வரவில்லை. தொண்டையில் சளி. மூச்சு பாதியில் நின்றது. அக்கா என்று கத்தினான். சத்தமே இல்லை.

ஒரு விரல் மட்டும் அசைந்தது. மோதிரவிரல். தட்டிக்கொண்டிருந்தது அவன்தான்.

நாற்காலியில் யாரோ இருந்தார்கள். நன்றாகத் தெரிந்தது. விமானத்தில் கசங்கிய நீலச் சட்டை. லேசாகத் திறந்த வாய். அவன் முகம்.

தட்டினான். இன்னும் பலமாக. உயிர் முழுவதும் அந்த விரலில்.

நாற்காலியில் இருந்தவனின் உதடு அசைந்தது.

“ஒரு நிமிஷம்பா.”

தலையை மறுபுறம் சாய்த்துக்கொண்டான்.