மூன்று மீன்களுக்குத்தான் இடம்

யதிராவின் வீட்டுக்கு எத்தனை விருந்தாளிகள் வந்தாலும் அதிகம் என்று யாரும் சொன்னதில்லை. பத்துப் பேர் வருவதாகச் சொல்லி இருபது பேர் வந்து நின்றாலும் அம்மா நெரெய்தா முகம் சுளிக்க மாட்டாள். கொதிக்கிற பயற்றுக் குழம்பில் இரண்டு கரண்டி தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிடுவாள். பக்கத்து வீட்டு நாற்காலிகள் வேலி தாண்டி வந்துவிடும். மயகுவேஸ் ஊரில் யாரும் யாரையும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை.

அன்றைக்கு மூன்று ராஜாக்கள் திருநாள். கிறிஸ்துமஸ் முடிந்து வரும் இந்த நாளில் ராஜாக்கள் ஒட்டகத்தில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துப் போவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. கேட்கவா வேண்டும்! காலையிலிருந்தே வீடு அமளிதுமளிப்பட்டது. ராஜாக்களின் ஒட்டகங்கள் தின்னட்டும் என்று பிள்ளைகள் முந்தின நாள் பறித்து வைத்த புல் கூடமெல்லாம் சிதறிக் கிடந்தது. தம்பி எப்ராயின் பரிசாகக் கிடைத்த புது மேளத்தைத் தட்டித் தட்டி எல்லார் காதையும் செவிடாக்கிக்கொண்டிருந்தான்.

பதினோரு வயது யதிரா மட்டும் கூடத்து மூலையில் இருந்த தன் கண்ணாடித் தொட்டியைவிட்டு நகரவில்லை. அதில் எண்பது லிட்டர் உப்புத் தண்ணீர். உள்ளே பாறைகள், அவற்றின் மேல் மெல்ல அசையும் பவளங்கள், சில நத்தைகள். மீன்கள் மூன்றே மூன்று. இரண்டு கோமாளி மீன்கள், அப்புறம் பாதி ஊதாவும் பாதி மஞ்சளுமாக ஒரு சின்ன மீன்.

போன ஜூன் மாதம் அதே தொட்டியில் எட்டு மீன்கள் இருந்தன. ஆசை யாரை விட்டது? ஒரே வாரத்தில் எட்டையும் வாங்கிப் போட்டாள். அடுத்த வாரமே தண்ணீர் கெட்டுப்போனது. பவளங்கள் சுருங்கி வெளுத்தன. எட்டு மீன்களும் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அவற்றை வலையால் அள்ளி எடுத்தபோது யதிரா அழுத அழுகையை அம்மா இன்னும் மறக்கவில்லை.

பிறகு அவள் புத்தகம் புத்தகமாகப் படித்தாள். மீன் கடைக்காரரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தாள். புதுத் தண்ணீர் விட்டு, மீனே இல்லாத தொட்டியை ஆறு வாரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் இந்த மூன்றும் வந்தன. இனி ஒன்றைக்கூடக் கூடுதலாகச் சேர்ப்பதில்லை, ஒன்றையும் சாகவிடுவதில்லை என்று அவள் தீர்மானமாக இருந்தாள்.

அப்போதுதான் வீசோ மாமா வந்தார். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தார்.

"யதிரா! ராஜாக்கள் வழி தெரியாம உன் பரிசை எங்க வீட்டுல இறக்கிட்டுப் போயிட்டாங்க!"

கையை முன்னால் நீட்டினார். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பையில் இரண்டு குட்டி நீல மீன்கள் துள்ளின.

யதிரா வாயைத் திறப்பதற்குள் ஆவ்ரியா சித்தி உள்ளே நுழைந்தாள். அவள் கையிலும் ஒரு பை! அதற்குள் உருண்டைக் கண்ணோடு ஒரு முள் மீன்.

"உனக்குத்தான் மீன்னா உசிராச்சே! பாவம், மூணே மூணை வெச்சுக்கிட்டு எவ்வளவு நாளைக்குத்தான் பார்த்துக்கிட்டு இருப்ப?" என்றாள் சித்தி.

"சித்தி, இது பந்து மாதிரி ஊதும். என் நத்தையை எல்லாம் தின்னுடும்!"

"கொஞ்சமாத்தான் தின்னும், கண்ணு. இது இன்னும் குழந்தை!"

இரண்டு பரிசோடு போயிருந்தால் யதிரா எப்படியோ சமாளித்திருப்பாள். மூன்றாவதாக வந்தவர்தான் சாகோ, ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். அவரை அவள் 'பத்ரினோ' என்று கூப்பிடுவாள். பக்கத்துத் துறைமுகத்து மீனவர். காலையில் கடலில் மீன் கூண்டு இழுத்தவர் நேராக வாளியோடு வந்திருந்தார்.

"என் கூண்டுல தானா வந்து மாட்டுச்சு. பார்த்ததும் உன் ஞாபகம்தான். விக்கல, யாருக்கும் காட்டக்கூட இல்ல. உனக்குன்னே கொண்டாந்தேன்" என்றார்.

வாளிக்குள் உள்ளங்கையளவில் ஒரு மீன் சுற்றியது. உடம்பெல்லாம் நீலம், வால் மட்டும் மஞ்சள். வால் மஞ்சளாக இருந்தால் அது இன்னும் குழந்தை என்று யதிராவுக்குத் தெரியும். வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும். எவ்வளவு அழகு! ஒரு நொடி அவள் மனம் ஊசலாடியது.

"எல்லாத்தையும் போட்டுடலாம்! நான் போடறேன்!" என்று எப்ராயின் கத்தரிக்கோலோடு ஓடி வந்தான்.

யதிரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசலாட்டம் நின்றுவிட்டது.

"யாரும் எதையும் போடக்கூடாது" என்றாள். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆனா என் தொட்டியில இடம் இல்ல."

வீசோ மாமா தொட்டியை எட்டிப் பார்த்தார். "இடம் இல்லையா? முக்கால்வாசி காலியா கிடக்கே! இத்துனூண்டு மீன், அது எவ்வளவு இடத்தை அடைக்கப் போகுது? உங்க அம்மா மாதிரி ரெண்டு கரண்டி தண்ணி ஊத்திக்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். யதிரா மூன்று வாளிகளில் மீன்களைத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாயைப் போட்டாள். எதையும் தொட்டியில் போடாமலிருக்க என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் பச்சைத் துவரைச் சோறும் வறுத்த பன்றிக்கறியும் தேங்காய்ப் பால் களியும் ஆயின. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கக்கூடியது நடந்தது. இருபத்திரண்டு பேருக்கு இருந்தது ஒரே கழிவறை. அதன் வாசலில் தொடங்கிய வரிசை சமையலறை வரை நீண்டது. முதல் ஆளாக நின்ற வீசோ மாமா ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"ஆவ்ரியா! உள்ள தூங்கிட்டியா? சீக்கிரம் வா, தாயே!"

யதிரா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, தண்ணி ஊத்தினா குழம்பு பெருகும். பாத்ரூம் பெருகுமா?"

"இப்பவா கேக்கற? ஐயோ, விடு!"

"என் தொட்டியிலயும் இதே கதைதான், மாமா. அந்தப் பாறைங்கதான் அங்க பாத்ரூம். உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கு. மீனுங்க பண்ற அசிங்கத்தை அதுங்கதான் சுத்தம் பண்ணும். மூணு மீனுக்குத்தான் அதுங்களால முடியும். இன்னும் நாலு வந்தா எல்லா மீனும் அந்த அசிங்கத்துலயே நீந்தணும். அதுலயே மூச்சு விடணும். போன ஜூன்ல அப்படித்தான் எட்டும் செத்துச்சு."

வீசோ மாமாவின் முகத்தில் வியர்வை வழிந்தது. "புரிஞ்சுது! நல்லாவே புரிஞ்சுது! என் மீனைத் திருப்பிக் கொடுத்துடறேன், உங்க சித்தியை வெளிய வரச் சொல்லு!"

கதவு திறந்தது. எல்லாவற்றையும் உள்ளிருந்தே கேட்ட ஆவ்ரியா சித்தி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "என்னதையும் கடையிலயே கொடுத்துடறேன்" என்றாள்.

யதிரா உடனே கடைக்காரருக்குப் போன் செய்தாள். நாளைக் காலையில் மூன்று மீன்களையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அதுவரை வாளியிலேயே இருக்கட்டும் என்றார் அவர்.

பத்ரினோ மட்டும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அம்மா யதிராவின் காதோரம் குனிந்தாள்.

"ஞானத்தகப்பன் கையால கொடுத்ததை வேணாம்னு சொல்லுவாங்களாடி? அவர் மனசு என்ன பாடுபடும்?"

யதிராவுக்கு அழுகை முட்டியது. பத்ரினோவைப் போல அவளுக்கு யாரும் இல்லை. ஆனாலும் தொட்டியில் இருந்த மூன்று உயிர்களும் அவளை நம்பித்தானே இருந்தன? அவர் கொடுத்த மீன் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

"பத்ரினோ! நான் உங்க ஞானப்பிள்ளைதானே?"

அவர் நின்றார். "அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப நான் ஏன் உங்க வீட்டுல இல்ல?"

"இது என்ன கேள்வி? உனக்குத்தான் உன் வீடு இருக்கே."

"உங்க வீட்டுல இல்லைன்னு என்மேல பாசம் குறைஞ்சு போச்சா?"

"எவன் அப்படிச் சொன்னான்?" பத்ரினோவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இதுக்கும் கடல்ல அதோட வீடு இருக்கு, பத்ரினோ. இன்னும் குழந்தை. இது பெரிசா வளரணும். நான் இதுக்கு ஞானத்தாயா இருந்துக்கறேன். நீங்க கொடுத்ததை நான் வேணாம்னு சொல்லவே இல்ல. ஆனா இது என்கூடவே இருக்கணும்னு இல்ல."

பத்ரினோ அவளையே பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து ஊருக்கே கேட்கும்படி மூக்கைச் சிந்தினார்.

"நெரெய்தா! இந்தப் பொண்ணு வக்கீலாத்தான் போகப்போறா! வாளியை வண்டியில ஏத்து. வெயில் சாயறதுக்குள்ள போயிடணும்."

கூண்டு கிடந்த அதே பாறைத் திட்டுக்கு அவருடைய படகு போய்ச் சேர்ந்தது. யதிரா வாளியை மெதுவாகச் சாய்த்தாள். நீல மீன் ஒரு நொடி தயங்கியது. பிறகு சட்டென்று கீழே பாய்ந்தது.

"திரும்பிக்கூடப் பார்க்கல பாரு!" என்றார் பத்ரினோ. "அப்படியே உன்னை மாதிரி."

அவர் அடியில் கண்ணாடி பதித்த வாளி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அழுத்திப் பிடித்தார். யதிரா படகு விளிம்பில் கவிழ்ந்து அதற்குள் எட்டிப் பார்த்தாள். கீழே பாறையோரமாக நீல மீன்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே மஞ்சள் வால்களும் தெரிந்தன. அதில் எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எத்தனை இருக்கு?" என்று கேட்டார் பத்ரினோ.

யதிரா எண்ணினாள். நாற்பதுவரை எண்ணினாள். கூட்டம் திரும்பியது, கணக்குத் தவறியது. அவள் சிரித்துவிட்டாள்.

"எத்தனை இருந்தா என்ன, பத்ரினோ? இங்க எல்லாருக்கும் இடம் இருக்கு!"